அலை மீது சவாரி!
திண்டிவனத்திலிருந்து கடற்கரைக்கு ஒரு நாள் பயணம்

விழுப்புரம் மாவட்டத்துக்குக் கடல் உண்டு. இதைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் மட்டுமல்ல, விழுப்புரத்துக்காரர்களே சிலர், "அப்படியா?" என்று கேட்கிறார்கள். விழுப்புரம் என்றால் ரெயில்வே ஜங்ஷன். திண்டிவனம் என்றால் பஸ் நிற்கும் ஊர். இவ்வளவுதான் பலருக்கும் தெரியும்.

ஆனால் மரக்காணம், வானூர் ஆகிய இரண்டு வட்டங்களும் வங்காள விரிகுடாவைத் தொடுகின்றன. அங்கே கோட்டக்குப்பத்தை அடுத்த தந்திராயன்குப்பம் என்ற மீனவர் கிராமத்தில் ஓர் அதிசயக் காட்சியைப் பார்க்கலாம். ஆள் உயரத்தைவிட நீளமான பலகை ஒன்றைப் பிள்ளைகள் தூக்கிக்கொண்டு கடலுக்குள் போகிறார்கள். பெரிய அலை ஒன்று வருகிறது. பலகையின் மேல் எழுந்து நிற்கிறார்கள். அலை அவர்களைச் சுமந்துகொண்டு கரைக்கு ஓடி வருகிறது!

இந்த விளையாட்டுக்கு அலைச்சறுக்கு என்று பெயர். ஆங்கிலத்தில் 'சர்ப்பிங்' என்பார்கள். பசிபிக் கடலில் உள்ள ஹவாய்த் தீவு மக்களின் பழைய விளையாட்டு இது. இன்று ஒலிம்பிக்கிலேயே இடம் பிடித்துவிட்டது. இந்தக் கிராமத்தில் இதைக் கற்றுக்கொடுக்கும் பள்ளியும் இருக்கிறது. வெளிநாட்டார் இந்தக் கடற்கரையை 'செரினிட்டி பீச்' என்று அழைக்கிறார்கள். அமைதிக் கடற்கரை என்று பொருள். அலை அடிக்கும் சத்தத்தைக் கேட்டவர்கள் இந்தப் பெயரைக் கேட்டுச் சிரிப்பார்கள்.

மீன் பெட்டியின் மூடி

அலைச்சறுக்கு என்றவுடன் உலகம் நினைப்பது பிரேசில் நாட்டை. கால்பந்துக்குப் பெயர் போன அதே பிரேசில்தான். 2014ஆம் ஆண்டு காப்ரியேல் மெடினா என்ற வாலிபர் உலகச் சாம்பியன் ஆனார். பிரேசில் நாட்டவர் ஒருவர் அந்தப் பட்டத்தை வென்றது அதுதான் முதல் தடவை. அதன் பிறகு பட்டம் பல தடவை அந்த நாட்டுக்கே போயிருக்கிறது.

ரியோ டி ஜெனிரோ நகரிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தூரத்தில் சக்குவாரெமா என்று ஓர் ஊர். ஒரு பக்கம் கடல். மறு பக்கம் உப்பங்கழி. நடுவே குன்றின் மேல் மாதா கோவில். ஒரு காலத்தில் மீனவர்கள் வாழ்ந்த சிற்றூர். இன்று உலகப் போட்டி நடக்கிற இடம். அந்தப் பக்கம் போகிறவர்கள் அந்த ஊரைத் தேடிப் போகிறார்கள். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் உப்பங்கழி என்றால் நம் மரக்காணமும் அப்படித்தானே இருக்கிறது?

இன்னொருவர் கதையைக் கேளுங்கள். இத்தாலோ பெரேரா. பிரேசிலின் வடகிழக்குக் கரையில் ஒரு சிறு மீனவர் ஊரில் பிறந்தவர். தகப்பனார் மீன் வாங்கி விற்றார். பலகை வாங்கப் பணம் இல்லை. மீன் வைக்கும் ஐஸ் பெட்டியின் மூடியை எடுத்துக்கொண்டு போய், அதன் மேல் நின்று அலையில் பழகினார் அந்தச் சிறுவன். 2019இல் உலகச் சாம்பியன். 2021 ஜூலையில் ஜப்பானில் நடந்த ஒலிம்பிக் இறுதிப் போட்டியில் அவருடைய பலகை ஆரம்பத்திலேயே உடைந்துபோயிற்று. வேறு பலகையை எடுத்துக்கொண்டு திரும்பவும் கடலில் இறங்கினார். தங்கப் பதக்கம் அவருக்கே கிடைத்தது. ஒலிம்பிக் அலைச்சறுக்கில் ஆண்களுக்கு வழங்கப்பட்ட முதல் தங்கம் அது.

அந்த மூடி நம் குப்பங்களிலும் இருக்கிறது. மீன் ஏலம் நடக்கிற எந்த இடத்திலும் வெள்ளையாக அடுக்கி வைத்திருப்பார்கள்.

நம் நாடும் பின்தங்கி இல்லை. 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி மாமல்லபுரத்தில் நடந்தது. இந்தியாவில் அந்தப் போட்டி நடந்தது அதுவே முதல் முறை. இந்திய வீரர் ரமேஷ் புதிகால் வெண்கலப் பதக்கம் பெற்றார்.

பழைய வழிகாட்டி

சரி, புறப்படுவோம். திண்டிவனத்திலிருந்து மரக்காணத்துக்கு ஏறத்தாழ 35 கிலோமீட்டர். பஸ் வசதி உண்டு. காலை வேளையில் புறப்படுவது நல்லது. வெயில் ஏறிவிட்டால் உப்பளத்தின் பக்கம் கண்ணைத் திறக்க முடியாது.

இந்த வழிக்குப் பயண வழிகாட்டி எழுதுகிற முதல் ஆள் நாம் அல்ல. சங்க காலத்திலேயே ஒருவர் எழுதிவிட்டார்! பத்துப்பாட்டில் ஒன்றான சிறுபாணாற்றுப்படைதான் அது. ஓய்மா நாட்டை ஆண்ட நல்லியக்கோடனிடம் பரிசு பெற்ற பாணன், வழியில் கண்ட வேறு பாணனுக்கு "இப்படிப் போ, இந்த ஊரில் இது கிடைக்கும், அந்த ஊரில் அது கிடைக்கும்" என்று வழி சொல்கிறான். பாடியவர் இடைக்கழி நாட்டு நல்லூர் நத்தத்தனார். இடைக்கழி நாடு என்ற பெயர் மரக்காணத்துக்கு வடக்கே இன்றும் வழங்குகிறது.

அந்தப் பாட்டில் வரும் கடற்கரை ஊர் எயிற்பட்டினம். அது இன்றைய மரக்காணம் என்பது அறிஞர்கள் கருத்து. வழி முடிகிற இடம் கிடங்கில். அது திண்டிவனத்தின் ஒரு பகுதி. கடலில் தொடங்கித் திண்டிவனத்தில் முடிகிறது பாணன் வழி. நம் வழி அதற்கு நேர் எதிர்.

எயிற்பட்டினத்தில் பாணனுக்குச் சுட்ட மீன் கிடைக்கும் என்கிறார் புலவர். அலை கொண்டுவந்து ஒதுக்கிய வாசனை மரங்கள் கரையில் கிடப்பது, ஒட்டகங்கள் படுத்துத் தூங்குவதுபோல் இருக்குமாம். அந்த மரங்களை எடுத்துத்தான் பரதவர் வீட்டில் அடுப்பு எரித்தார்கள். பயணிக்கு எங்கே என்ன சாப்பாடு கிடைக்கும் என்று சொல்லாத வழிகாட்டி எதற்கு உதவும்? நத்தத்தனார் அதை நன்றாக அறிந்திருக்கிறார்.

உப்பும் பறவையும்

மரக்காணத்தை நெருங்கும்போது பூமி வெள்ளையாக மாறும். உப்பளங்கள்! தமிழ்நாட்டில் தூத்துக்குடி, வேதாரண்யம் ஆகிய ஊர்களுக்கு அடுத்தபடி உப்புக்குப் பேர் பெற்ற ஊர் இது. பாத்தி பாத்தியாக உப்பு நீரைத் தேக்குகிறார்கள். சூரியன் நீரைக் குடிக்கிறது. உப்பு தங்குகிறது. அதை மரப்பலகையால் இழுத்துக் குவிக்கிறார்கள். படத்தில் பார்க்க அழகு. நின்று வேலை செய்கிறவர்களுக்கு வெறும் கால் வெடிக்கும், கண் கூசும். மழைக்காலம் வந்தால் வேலையே இல்லை. பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்கள் இதையும் சொல்லிக் காட்டலாம். சாப்பாட்டில் உப்பு குறைவு என்று தட்டைத் தள்ளுகிற பிள்ளைகள் ஒரு நிமிஷம் யோசிப்பார்கள்.

ஆந்திராவிலிருந்து சென்னை வழியாக வரும் பக்கிங்காம் கால்வாய் முடிவதும் இந்த ஊரில்தான். சோழர் காலத்துப் பூமீசுவரர் கோவிலும் இங்கே இருக்கிறது. சுவர் நிறையக் கல்வெட்டுகள்.

தெற்கே கழுவேலி ஏரி. தென்னிந்தியாவில் பழவேற்காட்டுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி. 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024 ஆகஸ்டில் 'ராம்சார்' என்னும் உலக ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்தது. குளிர்காலத்தில் தூர தேசத்துப் பறவைகள் வந்து இறங்குகின்றன. பறவை பார்க்க விரும்புகிறவர்கள் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை போகவும். அலை பார்க்க விரும்புகிறவர்களுக்குக் காலம் வேறு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் இனித் தெற்கே போக வேண்டும். புதுச்சேரிக்குப் போகும் பஸ்ஸில் ஏறி, கோட்டக்குப்பம் வருவதற்குச் சற்று முன்னால் இறங்கிக்கொள்ளலாம். விழுப்புரத்திலிருந்து நேரே வருகிறவர்களுக்குப் புதுச்சேரி ரெயில் வசதி. 1879இல் போட்ட பாதை அது. புதுச்சேரியிலிருந்து வடக்கே சில கிலோமீட்டர் வந்தால் போதும்.

அலை எங்கிருந்து வருகிறது?

கரையில் நின்று பார்க்கும் அலை இந்த ஊர்க் காற்றினால் மட்டும் எழுந்தது அல்ல. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தெற்கே, இந்துமகா சமுத்திரத்தில் வீசிய காற்று எழுப்பிய அலையும் அதில் உண்டு. கரை அருகே ஆழம் குறைந்ததும் அலையின் அடிப்பாகம் தட்டுப்படுகிறது. மேல்பாகம் முந்திக்கொண்டு கவிழ்கிறது. கவிழும் அந்த நேரத்தில், அலையின் சரிவில்தான் சறுக்கு வீரன் ஓடுகிறான்.

மே முதல் செப்டம்பர் வரை அலை நன்றாக எழும். பழகியவர்களுக்கு அது திருவிழாக்காலம். ஜனவரி முதல் மார்ச் வரை அலை சிறியது. புதிதாகக் கற்பவர்களுக்கு அதுவே ஏற்றது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, புயல். அந்த நாட்களில் வானிலை அறிவிப்பைக் கேட்காமல் கிளம்பக்கூடாது. 2024 நவம்பர் 30ஆம் தேதி 'பெஞ்சல்' புயல் இந்தக் கரையில்தான் ஏறியது. விழுப்புரம் மாவட்டமே வெள்ளக்காடாயிற்று.

முதல் பாடம் மணலில் நடக்கும். பலகையைத் தரையில் போட்டுக் குப்புறப் படுக்கச் சொல்வார்கள். கையால் துடுப்புப் போடுவது, மார்பருகே இரண்டு கையையும் ஊன்றுவது, ஒரே மூச்சில் எழுந்து நிற்பது. இதையே திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். பிறகு இடுப்பளவு நீரில். பலகையிலிருந்து ஒரு கயிறு காலில் கட்டப்பட்டிருக்கும். விழுந்தாலும் பலகை ஓடிப்போகாது. பலகையைப் பிடித்தால் மிதக்கலாம். நம் முன்னோர் கட்டைகளைச் சேர்த்துக் கட்டி அலையைத் தாண்டினார்கள். 'கட்டுமரம்' என்ற நம் சொல்லையே ஆங்கிலேயர் 'காட்டமரான்' ஆக்கிக்கொண்டார்கள். அலை மேல் வருவது இந்தக் கரைக்குப் புதிது என்று சொல்லிவிட முடியாது. எழுந்து நிற்பதற்கு ஒரு பள்ளிக்கூடம் வைத்திருப்பதுதான் புதிது.

கட்டணம் எவ்வளவு, எத்தனை வயதுப் பிள்ளைகளைச் சேர்ப்பார்கள் என்பதை முன்னதாக விசாரித்துக்கொள்ளுங்கள். நீச்சல் தெரியாதவர் அதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

அமைதியான நீர் ஆபத்து!

இதைப் பெற்றோர்கள் இரண்டு தடவை படிக்கவும்.

2024 மே 6ஆம் தேதி கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரு கடற்கரையில் மருத்துவ மாணவ மாணவிகள் ஐந்து பேர் அலையில் சிக்கி உயிரிழந்தார்கள். படித்தவர்கள், இளைஞர்கள். ஊரில் புயல் இல்லை, மழை இல்லை. தூரத்திலிருந்து வந்த பேரலை அது. மீனவர்கள் இதைக் 'கள்ளக்கடல்' என்கிறார்கள். திருடனைப்போல் சொல்லாமல் வருவதால் அந்தப் பெயர். ஐதராபாத்தில் உள்ள மத்திய அரசின் கடல்சார் தகவல் மையம் இதற்கு முன்னறிவிப்புக் கொடுக்கிறது. செய்தியில் அந்த அறிவிப்பு வந்திருந்தால் கடலில் கால் வைக்காதீர்கள்.

இன்னொன்றும் உண்டு. கரைக்கு வந்த நீர் திரும்பிப் போக வேண்டும் அல்லவா? சில இடங்களில் அது வாய்க்கால்போல் ஒன்றுசேர்ந்து வேகமாகக் கடலுக்குள் ஓடும். அந்த இடத்தில் அலை உடையாது. பார்க்க அமைதியாக இருக்கும். "இங்கே அலையே இல்லை, குழந்தையை இறக்கலாம்" என்று தோன்றும். அங்கேதான் இறக்கக்கூடாது! கல் கொட்டிய இடங்களின் ஓரத்தில் இது அதிகம். மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தவேண்டாம். களைத்துப் போவீர்கள். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பைவிட்டு வெளியே வந்தபின் கரைக்குத் திரும்ப வேண்டும். நீந்த முடியாதவர் மிதந்தபடி கையை உயர்த்திக் கூப்பிட வேண்டும்.

எந்த இடத்தில் இறங்கலாம் என்று குப்பத்தில் வலை பின்னிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெரியவரைக் கேளுங்கள். அன்றைக்குக் கடல் எப்படி என்று அவருக்குத் தெரியும்.

கரை எங்கே போயிற்று?

தந்திராயன்குப்பத்தில் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் கருங்கல் வரிசையைப் பார்க்கலாம். அலை அதன் அருகே ஒழுங்காக விரிந்து வருகிறது. சறுக்குகிறவர்களுக்குக் கொண்டாட்டம். ஆனால் அந்தக் கல்லை விளையாட்டுக்காகப் போடவில்லை. கரையைக் கடல் தின்றுகொண்டிருப்பதால் போட்டார்கள்.

இந்தக் கடலில் மணல் சும்மா கிடப்பதில்லை. வருஷத்தில் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 1980களின் பிற்பகுதியில் புதுச்சேரித் துறைமுகத்துக்குக் கடலுக்குள் கல் சுவர்கள் கட்டினார்கள். வடக்கே வர வேண்டிய மணல் தெற்கிலேயே நின்றுவிட்டது. புதுச்சேரி நகரத்தின் மணல் கரை மறைந்து கல்லாகிவிட்டது. நகரத்தைக் காக்கக் கல் போட்டதும், அரிப்பு வடக்கே உள்ள குப்பங்களுக்கு நகர்ந்தது. ஓர் ஊரில் கல் போட்டால் அடுத்த ஊரின் மணல் போகிறது. அந்த ஊரிலும் கல் போட்டால் அதற்கடுத்த ஊர். பொம்மையார்பாளையம் பக்கத்தில் வீடுகளையும் தென்னை மரங்களையும் கடல் கொண்டுபோயிருக்கிறது. படகை இழுத்து வைக்க இடம் இல்லை, வலை உலர்த்த இடம் இல்லை என்று மீனவர்கள் சொல்வது இதனால்தான். புதுச்சேரிக் கடற்கரையில் 2018இல் நீருக்கடியில் ஒரு தடுப்பு அமைத்தபின் ஓரளவு மணல் திரும்பி வந்திருக்கிறது. வடக்குக் குப்பங்களுக்கு அந்தப் பாக்கியம் இன்னும் கிட்டவில்லை.

ஆகவே வருகிறவர்கள் படகு நிற்கும் இடத்தில் காரை நிறுத்தவேண்டாம். மிஞ்சியிருப்பதே சிறிய மணல்.

திரும்பும் வழியில்

நேரம் இருந்தால் இரண்டு இடங்கள். ஒன்று, வானூர் வட்டத்துத் திருவக்கரை. அங்கே 2 கோடி ஆண்டுகளுக்கு முந்திய மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. வக்கிரகாளியம்மன் கோவிலும் பக்கத்திலேயே இருக்கிறது. மற்றொன்று, மயிலம் முருகன் கோவில். திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே கூட்டேரிப்பட்டிலிருந்து போகலாம்.

சென்னைப் பக்கம் திரும்புகிறவர்களுக்கு, மரக்காணத்துக்கு வடக்கே கடப்பாக்கத்தில் ஆலம்பரைக் கோட்டை. 1750இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. 1760இல் ஆங்கிலேயர் இடித்துத் தள்ளினார்கள். செங்கல் சுவர் மட்டும் கழிமுகத்தைப் பார்த்து நிற்கிறது. அங்கே நிழல் குறைவு. குடிதண்ணீர் கையில் கொண்டு போகவும். மாற்றுத் துணி, தலைக்குத் தொப்பி, ஈரத் துணி போட ஒரு பை, இவையும் வேண்டும். கைக்கடிகாரத்தையும் நகையையும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.