கம்ப்யூட்டரில் குடும்பக் கணக்கு

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீடுகளில் முதல் சில வாரங்கள் பாட்டு, சினிமா, கேம்ஸ், இன்டர்நெட் என்று போய்விடும். அதன் பிறகு, "இவ்வளவு பணம் போட்டு வாங்கினோமே, இதனால் வீட்டிற்கு என்ன பயன்?" என்ற கேள்வி எழும். அதற்கு நல்ல பதில் ஒன்று உண்டு. உங்கள் வீட்டு வரவு செலவுக் கணக்கை அதில் எழுதத் தொடங்குங்கள்.

"அதற்குத்தான் நோட்டுப் புத்தகம் இருக்கிறதே" என்று நீங்கள் கேட்கலாம். செலவான பணத்தை நோட்டிலும் எழுதி வைக்கலாம். ஆனால் "இப்படிச் செய்தால் என்ன ஆகும்?" என்ற கேள்விக்கு நோட்டு பதில் சொல்லாது. வீட்டுக் கடன் தவணையைக் கொஞ்சம் கூட்டிக் கட்டினால் என்ன ஆகும்? ஆபீஸ் முடிந்து வந்து இரவில் செய்யும் பகுதி நேர வேலையை நிறுத்தினால் குடும்பம் தாங்குமா? இத்தகைய கேள்விகளுக்கு நொடியில் விடை தருவது ஸ்பிரெட்ஷீட்.

டான் பிரிக்லின், பாப் ஃபிராங்க்ஸ்டன் என்ற இரு அமெரிக்கர்கள் 1979-ல் ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்காக விசிகால்க் என்ற ஸ்பிரெட்ஷீட்டைக் கொண்டு வந்தார்கள். ஒரு எண்ணை மாற்றினால் அதைச் சார்ந்த எல்லா எண்களும் தாமாகவே மாறிவிடும் என்பதுதான் அதன் சிறப்பு. இந்த ஒரு வசதிக்காகவே பலர் அன்று கம்ப்யூட்டர் வாங்கினார்கள். இன்றைய எக்ஸெல், கால்க் எல்லாம் அதன் வழி வந்தவையே.

என்ன தேவை?

உங்கள் கம்ப்யூட்டரில் மைக்ரோசாப்ட் எக்ஸெல் இருந்தால் அதையே பயன்படுத்தலாம். இல்லை என்றால் விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. லிப்ரேஆபீஸ் என்ற தொகுப்பு இலவசம். அதன் அதிகாரபூர்வ இணைய தளத்திலிருந்து மட்டும் டவுன்லோட் செய்து இன்ஸ்டால் செய்யவும். அதில் உள்ள கால்க் என்பதுதான் ஸ்பிரெட்ஷீட். கீழே உள்ள விளக்கங்கள் கால்க் புரோகிராமுக்கானவை. எக்ஸெல்லில் மெனுக்களின் பெயர்கள் சற்று மாறும், முறை ஒன்றுதான்.

ஒரு குறிப்பு: இந்தக் கட்டுரையில் தமிழில் தரப்பட்டுள்ள செல் பெயர்களையும் பார்முலாக்களையும் கம்ப்யூட்டரில் ஆங்கில எழுத்துகளில் டைப் செய்ய வேண்டும். மற்ற விவரங்களைத் தமிழ் யூனிகோடிலேயே டைப் செய்யலாம்.

முதல் ஷீட்: தினசரிக் கணக்கு

கால்க்கைத் திறந்தால் கட்டங்கள் நிறைந்த பக்கம் தெரியும். ஒவ்வொரு கட்டமும் ஒரு செல். மேலே உள்ள எழுத்தையும் இடது பக்கம் உள்ள எண்ணையும் சேர்த்தால் செல்லின் பெயர் கிடைக்கும். ஏ1 என்றால் முதல் செல்.

ஏ1 முதல் இ1 வரை தேதி, விவரம், வகை, வரவு, செலவு என்று தலைப்புகள் கொடுங்கள். இரண்டாவது வரிசையில் "முன் இருப்பு" என்று எழுதி, இன்று கையிலும் வங்கியிலும் உள்ள பணத்தை வரவில் போடுங்கள். அதன் பிறகு ஒவ்வொரு வரவுக்கும் செலவுக்கும் ஒரு வரிசை. கண்ட்ரோல் கீயை அழுத்திக்கொண்டு செமிகோலன் கீயைத் தட்டினால் அன்றைய தேதி தானாக வந்து உட்காரும்.

புதியவர்கள் தடுமாறும் இடங்கள் இரண்டு. ஒன்று, தொகையை "ரூ.500" என்றோ "500/-" என்றோ நோட்டில் எழுதுவது போல் டைப் செய்வது. கம்ப்யூட்டர் அதை எண்ணாக எடுத்துக் கொள்ளாமல் வெறும் எழுத்தாக எடுத்துக் கொள்ளலாம். அப்போது கூட்டலில் அது சேராது. 500 என்று மட்டும் டைப் செய்யுங்கள். எண்கள் செல்லின் வலது ஓரமாகவும், எழுத்துகள் இடது ஓரமாகவும் நிற்கும். தொகை இடது ஓரமாக நின்றால் ஏதோ தவறு என்று தெரிந்து கொள்ளலாம்.

இரண்டாவது, வகையின் பெயரை ஒரு நாள் "மளிகை" என்றும் மறுநாள் "மளிகை சாமான்" என்றும் எழுதுவது. கம்ப்யூட்டருக்கு இவை இரண்டும் வெவ்வேறு. இதைத் தவிர்க்க, சி என்ற எழுத்தின் மீது கிளிக் செய்து அந்த வரிசை முழுவதையும் செலக்ட் செய்யவும். பிறகு டேட்டா மெனுவில் வாலிடிட்டி என்பதைத் தேர்ந்தெடுக்கவும். வரும் விண்டோவில் அலவ் என்பதற்கு நேராக லிஸ்ட் என்பதைத் தேர்வு செய்து, கீழே உள்ள பெட்டியில் மளிகை, பால், வாடகை, கரண்ட், கல்வி, மருத்துவம், போக்குவரத்து, கடன், மற்றவை என வரிக்கு ஒன்றாக டைப் செய்து ஓகே கொடுக்கவும். இனி அந்த செல்களில் பட்டியல் விரியும். தேர்ந்தெடுத்தால் போதும்.

கூட்டலைக் கம்ப்யூட்டரிடம் விடுங்கள்

கே1 செல்லில் "கையிருப்பு" என்று எழுதி, கே2 செல்லில் =எஸ்யுஎம்(டி:டி)-எஸ்யுஎம்(இ:இ) என்று டைப் செய்து என்டர் தட்டவும். டி:டி என்றால் டி வரிசை முழுவதும் என்று பொருள். வரவில் செலவு போக மீதி அந்த செல்லில் எப்போதும் தெரியும். பர்ஸில் உள்ள பணம், வங்கி இருப்பு இரண்டையும் கூட்டி வாரம் ஒரு முறை இதனுடன் ஒப்பிடுங்கள். வித்தியாசம் இருந்தால் ஏதோ ஒரு செலவு எழுதப்படவில்லை.

அடுத்து, எந்த வகைக்கு எவ்வளவு போயிருக்கிறது என்று பார்க்கலாம். எச்2 செல்லிலிருந்து கீழ் நோக்கி வகைகளின் பெயர்களை எழுதுங்கள். ஐ2 செல்லில் =எஸ்யுஎம்ஐஎஃப்(சி:சி;எச்2;இ:இ) என்று டைப் செய்யவும். "சி வரிசையில் எச்2-ல் உள்ள பெயர் எங்கெல்லாம் இருக்கிறதோ, அதற்கு நேரான செலவுகளை மட்டும் கூட்டு" என்பது இதன் பொருள். பிறகு அந்த செல்லின் வலது கீழ் மூலையில் உள்ள சிறு சதுரத்தை மவுஸால் பிடித்துக் கீழே இழுத்தால் மற்ற வகைகளுக்கும் கணக்கு வந்துவிடும். எக்ஸெல் பயன்படுத்துபவர்கள் செமிகோலனுக்குப் பதில் கமா போட வேண்டும்.

வருடச் செலவை மாதத்திற்குள் கொண்டு வாருங்கள்

மாதக் கணக்கு சரியாக இருந்தும் ஜூன் மாதத்திலும் தீபாவளி சமயத்திலும் பல வீடுகளில் கடன் வாங்க நேர்கிறது. காரணம், வருடத்திற்கு ஒரு முறை வரும் செலவுகள் மாதக் கணக்கில் தெரிவதில்லை. கீழே உள்ள பிளஸ் குறியை கிளிக் செய்து புது ஷீட் ஒன்று எடுத்து அவற்றைப் பட்டியலிடுங்கள். உதாரணமாக பள்ளிக் கட்டணம் 36,000, ஆயுள் இன்சூரன்ஸ் 18,000, தீபாவளி 12,000, வண்டி இன்சூரன்ஸ் 3,000, வீட்டு வரி 3,000. மொத்தம் 72,000 ரூபாய். 12-ஆல் வகுத்தால் மாதம் 6,000. இந்தத் தொகையை மாதத் தொடக்கத்திலேயே எடுத்துத் தனிக் கணக்கில் போட்டுவிட்டு, மீதி இருப்பதையே சம்பளம் என்று நினைத்துக் கொள்ள வேண்டும்.

கடன் தவணை: கம்ப்யூட்டர் சொல்லும் உண்மை

இன்னொரு ஷீட் எடுத்து, பி1 செல்லில் 1000000 என்றும், பி2 செல்லில் 9% என்றும், பி3 செல்லில் 20 என்றும் கொடுங்கள். கடன் தொகை, வருட வட்டி, வருடங்கள் என்பவைதான் இவை. சதவீதக் குறியை மறந்துவிட்டு 9 என்று மட்டும் கொடுத்தால் கம்ப்யூட்டர் அதை 900 சதவீதம் என்று எடுத்துக் கொள்ளும்! பி4 செல்லில் =பிஎம்டி(பி2/12;பி3*12;பி1) என்று டைப் செய்யவும். இங்கே பிஎம்டி என்பது பி, எம், டி ஆகிய மூன்று ஆங்கில எழுத்துகள்.

விடை 8,997 ரூபாய் 26 பைசா. விடைக்கு முன் மைனஸ் குறி வரும். பணம் உங்களிடமிருந்து வெளியே போகிறது என்பதைத்தான் அது காட்டுகிறது. இதை 240 மாதங்களால் பெருக்கினால் நீங்கள் கட்டப் போகும் மொத்தத் தொகை சுமார் 21,59,000. அதாவது 10 லட்சம் கடனுக்கு வட்டி மட்டும் 11 லட்சத்து 59 ஆயிரம். முதல் மாதத் தவணையில் 7,500 ரூபாய் வட்டிக்கே போகிறது. அசலில் குறைவது 1,497 ரூபாய்தான்.

இப்போது பி3 செல்லில் 20-ஐ அழித்து 15 என்று போடுங்கள். தவணை 10,143 ஆகிறது. மாதத்திற்கு சுமார் 1,145 ரூபாய்தான் அதிகம். ஆனால் மொத்த வட்டி 8 லட்சத்து 26 ஆயிரமாக இறங்கிவிடுகிறது. மூன்றேகால் லட்சத்திற்கு மேல் மிச்சம். கடனும் 5 வருடம் முன்னதாகவே முடிகிறது.

மாறும் வட்டி வீட்டுக் கடனைத் தனிநபர் முன்கூட்டியே அடைத்தால் அதற்காக வங்கிகள் அபராதம் வசூலிக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012-ல் உத்தரவிட்டது. கூடுதலாகக் கட்டும்போது "தவணைத் தொகை அப்படியே இருக்கட்டும், காலத்தைக் குறையுங்கள்" என்று வங்கியில் எழுதிக் கொடுப்பது நல்லது. இல்லாவிட்டால் தவணை மட்டும் குறைந்து, காலம் அப்படியே நின்றுவிடலாம்.

நேரத்திற்கும் ஒரு கணக்கு

சம்பளம் போதாமல் பலர் வீட்டில் இரவில் டைப்பிங், மொழிபெயர்ப்பு, போட்டோ எடிட்டிங் என்று பகுதி நேர வேலை செய்கிறார்கள். கம்ப்யூட்டர் வாங்கியதே இதற்காகத்தான் என்பவர்களும் உண்டு. அதன் வருமானத்தைக் கணக்கில் எழுதுகிறோம். அதற்கு ஆகும் நேரத்தை எழுதுவதில்லை.

நேரத்திற்கு என்று ஒரு ஷீட் எடுத்து தேதி, மணி நேரம், வரவு, செலவு என்று போடுங்கள். ஒன்றரை மணி நேரத்தை 1.5 என்று எழுதினால் கூட்டுவது எளிது. தினம் ஒன்றரை மணி வீதம் 30 நாளைக்கு 45 மணி நேரம். வருமானம் 4,500 ரூபாய் என்று வைத்துக் கொள்வோம். இன்டர்நெட், கரண்ட், பிரின்டர் மை ஆகியவற்றிற்கு 900 போனால் மிச்சம் 3,600. மணிக்கு 80 ரூபாய்.

80 ரூபாய் போதுமா, போதாதா என்பதைக் கம்ப்யூட்டர் சொல்லாது. அந்த ஒன்றரை மணி நேரம் குழந்தைக்குப் பாடம் சொல்லிக் கொடுக்க வேண்டிய நேரமா, மனைவியோடு அல்லது கணவரோடு பேசிக் கொண்டிருக்கும் நேரமா, தூக்கமா என்பது உங்களுக்குத்தான் தெரியும். ஆனால் எண்கள் கண் முன்னே இருந்தால் பேசுவது சுலபம். "எப்போது பார்த்தாலும் கம்ப்யூட்டர் முன்னாலேயே உட்கார்ந்திருக்கிறீர்கள்" என்ற சண்டைக்குப் பதிலாக, "இந்த 3,600-ல் மாதம் 1,145 கடனுக்குப் போகிறது. மீதி எதற்குப் போகிறது? அது தேவையா?" என்று இருவரும் சேர்ந்து யோசிக்கலாம். கடனுக்கு வேண்டியதை மட்டும் சம்பாதித்தால் போதும் என்று முடிவு செய்தால், 45 மணி நேரம் 25 மணி நேரமாகக் குறைந்தாலும் கணக்கு உதைக்காது. மணிக்கு 80 ரூபாய் வீதம் 25 மணிக்கு 2,000 வருமே!

பைல் ஒருவருக்கு மட்டும் தெரிந்தால் போதாது

மென்பொருள் துறையில் ஒரு புரோகிராம் எப்படி வேலை செய்கிறது என்பது ஒருவருக்கு மட்டுமே தெரிந்திருந்தால் அதை ஆபத்து என்று கருதுவோம். அவர் வராத நாளில் எல்லாமே நின்றுவிடும். குடும்பக் கணக்கும் அப்படித்தான். கணக்கு எழுதுபவர் திடீரென ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டால், எந்த வங்கியில் எவ்வளவு இருக்கிறது, எந்த இன்சூரன்ஸுக்கு எப்போது பிரீமியம், யாருக்குச் சீட்டுப் பணம் கட்ட வேண்டும் என்பது மற்றவருக்குத் தெரிய வேண்டாமா? பத்து ஆண்டுகள் யாரும் தொடாத வங்கி டெபாசிட்டுகள் ரிசர்வ் வங்கியின் தனி நிதிக்கு மாற்றப்படுகின்றன. அவற்றைத் தேடிக் கண்டுபிடிக்க 2023-ல் உத்கம் என்ற இணைய தளத்தையே ரிசர்வ் வங்கி தொடங்க வேண்டியிருந்தது.

எனவே கடைசியாக ஒரு ஷீட் எடுத்து வங்கியின் பெயர், கிளை, பாலிசி எண், நாமினி யார், பத்திரம் எந்த பீரோவில் இருக்கிறது என்பவற்றை எழுதுங்கள். ஏடிஎம் பின் நம்பரையும் பாஸ்வேர்டுகளையும் இதில் எழுதவே கூடாது.

சேவ் ஆஸ் விண்டோவில் சேவ் வித் பாஸ்வேர்ட் என்ற கட்டத்தில் டிக் செய்து பைலைப் பூட்டி வைக்கவும். இந்தப் பாஸ்வேர்டை மறந்தால் பைலைத் திறக்க முடியாது. கணவன், மனைவி இருவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். வாரம் ஒரு முறை பைலைப் பென் டிரைவில் காப்பி செய்து, அந்தப் பென் டிரைவைக் கம்ப்யூட்டரில் செருகியே வைக்காமல் கழற்றி பீரோவில் வையுங்கள். வைரஸ் வந்தாலும் ஹார்ட் டிஸ்க் பழுதானாலும் கணக்கு தப்பிக்கும்.

தினமும் ஐந்து நிமிடம் எழுத, மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் இருவரும் சேர்ந்து பார்க்க. இவ்வளவுதான் இதற்கு ஆகும் நேரம். முதல் மாதம் பார்முலாவில் தவறு வரலாம். கண்ட்ரோல் கீயுடன் இசட் தட்டினால் பழையபடி ஆகிவிடும், பயப்பட வேண்டாம். மூன்று மாதம் விடாமல் எழுதினால், வரப் போகும் ஜூன் மாதத்தைப் பற்றி இப்போதே பேச ஆரம்பித்துவிடுவீர்கள்.