கமடெரி மலை

கமடெரி அயர்லாந்துக் குடியரசின் கிழக்கே, விக்லோ கவுண்டியில் உள்ள ஒரு மலையாகும். இதன் உயரம் 698 மீட்டர். தெற்கே கிளென்டலாக் பள்ளத்தாக்கும் வடக்கே கிளென்டாசன் பள்ளத்தாக்கும் இதனைச் சூழ்ந்துள்ளன. கிளென்டலாக் 6ஆம் நூற்றாண்டில் புனித கெவின் நிறுவிய துறவிமடத்தால் புகழ் பெற்றது. அங்கு வரும் பயணிகளுள் பலர் வட்டக் கோபுரத்தைக் கண்டு திரும்பிவிடுவர்; மலைக்குள் இருப்பதை அறிவோர் சிலரே.

சுரங்க வரலாறு

இம்மலை கருங்கல்லால் ஆனது. அருகிலேயே, தகடுகளாகப் பிளக்கும் சிஸ்ட் பாறை தொடங்குகிறது. இவ்விரு பாறைகளும் சந்திக்கும் எல்லையை ஒட்டி, கருங்கல்லின் வெடிப்புகளில் வெண்ணிறப் படிகக்கல்லுடன் ஈயத் தாதுவான கலீனாவும் துத்தநாகத் தாதுவும் படிந்துள்ளன. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிளென்டாசன் பக்கத்தில் லுகனூர் என்னும் கனிம நாளம் கண்டறியப்பட்டது. 1820களில் அயர்லாந்துச் சுரங்க நிறுவனம் இதனைப் பெற்று விரிவாக்கியது. தாது டப்ளின் அருகிலுள்ள பல்லிகோரசுக்கு அனுப்பப்பட்டு அங்கு உருக்கப்பட்டது. காலப்போக்கில் இரு பள்ளத்தாக்குகளிலிருந்தும் தோண்டிய சுரங்கவழிகள் மலையின் உள்ளே ஒன்றோடொன்று இணைந்தன.

சுரங்கத்தைத் தாங்கும் கட்டைகளுக்காக நிறுவனம் சரிவுகளில் பைன் மரங்களை நட்டது. அவற்றுள் எஞ்சியவற்றை இன்று இயற்கைக் காடு எனப் பலரும் எண்ணி இரசிப்பது வேடிக்கையே. இடையில் நின்றும் மீண்டும் தொடங்கியும் நடந்த சுரங்கப் பணி, 1957இல் ஒரு தொழிலாளர் உயிரிழந்த விபத்துக்குப் பின் முடிவுற்றது.

மலைநடை

மேல் ஏரியின் வடகரை வழியே செல்லும் சுரங்கத் தொழிலாளர் பாதை ஏறத்தாழச் சமதளமானது. போய்வர சுமார் 5 கி.மீ. ஆகும். அதன் முடிவில் கூரையிழந்த கல் வீடுகளும் தாது நொறுக்கிய கருவிகளின் எச்சங்களும் உள்ளன. எதிர்க்கரையின் இசுபிங்க் முகடு வழியாக கிளெனீலோ பள்ளத்தாக்கைச் சுற்றிவரும் பாதை சுமார் 9 கி.மீ. நீளமுடையது. இதில் சதுப்பு மண் சிதையாதிருக்க, பழைய இருப்புப்பாதைக் கட்டைகளால் நடைபாதை அமைக்கப்பட்டுள்ளது. உச்சிக்குச் செல்வோர் இப்பாதைகளை விட்டு விலகி, மூடுபனியில் திசைகாட்டியையும் வரைபடத்தையும் நம்பியே நடக்க வேண்டும்.

இங்குள்ள முதன்மையான இடர் பழைய சுரங்கங்களே. கனிம நாளங்கள் செங்குத்தானவை. தொழிலாளர் அவற்றைத் தொடர்ந்து மேல்நோக்கித் தோண்டியதால் சில இடங்களில் நிலப்பரப்புக்குக் கீழே மெல்லிய கூரையே எஞ்சியிருக்கலாம். திறந்த சுரங்கவாயில்களின் உள்ளே நீர் நிறைந்த குழிகளும் உயிர்வளி குறைந்த காற்றும் இருக்கக்கூடும். எனவே அவற்றினுள் நுழைதல் கூடாது. வெண்மணல் போல் தோன்றும் கழிவு மேடுகளில் ஈயம் இன்னும் மிகுந்துள்ளது. அங்கு புல் முளைக்காததற்கு அதுவும் ஒரு காரணம். சிறுவரை அதில் விளையாட விடுவதும், அங்கிருந்து வடியும் நீரைப் பருகுவதும் தீங்கானவை. விபத்து நேரின் 112 அல்லது 999 எண்ணை அழைத்து மலை மீட்புக் குழுவைக் கோரலாம்.

மலையைக் குடையும் வேலை ஈயத்தோடு நிற்கவில்லை. அருகிலுள்ள டர்லோ குன்றினுள் பாறையைக் குடைந்து அமைத்த நீரேற்று மின்நிலையம் 1974இல் நிறைவுற்றது. அதன் உச்சியிலுள்ள செயற்கை நீர்த்தேக்கத்தைக் கமடெரியிலிருந்து காணலாம்.