4 மாதம் கடலில்... உலகம் சுற்றக் கிளம்பும் ரிட்டயர்டு தம்பதிகள் பெட்டி கட்டும் முன் என்ன செய்ய வேண்டும்?

2023 டிசம்பர் 10-ம் தேதி, மயாமியிலிருந்து 'செரினேட் ஆஃப் தி சீஸ்' என்ற கப்பல் 274 இரவுப் பயணத்துக்குக் கிளம்பியது. டிக்டாக்கில் அது ஒரு ரியாலிட்டி ஷோ மாதிரியே ஓடியது. அதைப் பார்த்தவர்களுக்கு இது ஏதோ இளசுகளின் சமாச்சாரம் என்று தோன்றியிருக்கலாம். ஆனால் இந்த மாதிரி நீண்ட பயணங்களுக்குக் காசு கட்டுகிறவர்களில் பெரும்பாலோர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். பின்னே, நாலு மாசம் லீவு கொடுக்கிற மேனேஜர் எந்த நாட்டில் இருக்கிறார்?

அந்தப் பயணத்தின் தொடக்க விலை ஒரு ஆளுக்கு சுமார் 60,000 டாலர். இருவருக்கு 1,20,000 டாலர், அதாவது அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 1 கோடி ரூபாய். அதுவும் ஜன்னல் இல்லாத உள் அறைக்கு. வழக்கமான உலகப் பயணம் இவ்வளவு நீளம் கிடையாது. ஜனவரியில் கிளம்பி ஏப்ரல், மே வாக்கில் திரும்பும் 100 முதல் 130 நாள் பயணங்களே அதிகம். அமெரிக்க, பிரிட்டன் குளிர்காலத்தை அப்படியே 'ஸ்கிப்' செய்துவிடலாம் என்பதுதான் ஐடியா. 1922-ல் நியூயார்க்கிலிருந்து கிளம்பிய 'லகோனியா' காலத்திலிருந்தே இதுதான் ஃபார்முலா.

பணம் சேர்ந்துவிட்டது, ரூட் மேப்பும் பிடித்துவிட்டது. அடுத்து என்ன? சூட்கேஸ் வாங்குவது இல்லை, இன்ஷூரன்ஸ் பாலிசியின் பொடி எழுத்தைப் படிப்பது.

61-வது நாள் என்ன ஆகும்?

ஃபுளோரிடாவில் 70 வயதைத் தொட்ட ஒரு தம்பதி என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு பி.பி., அவங்களுக்கு சுகர். 65 வயதைத் தாண்டியவர்களுக்கான அமெரிக்க அரசுக் காப்பீடான 'மெடிகேர்' இருவருக்கும் உண்டு. ஊரில் இருக்கும்வரை கவலை இல்லை. ஆனால் கப்பல் அமெரிக்கத் துறைமுகத்தில் நிற்கும்போதோ, அங்கிருந்து 6 மணி நேரப் பயணத் தொலைவுக்குள் இருக்கும்போதோதான் கப்பல் டாக்டரின் பில்லை மெடிகேர் ஏற்கும். அதைத் தாண்டிவிட்டால் கைக்காசுதான்.

இந்த ஓட்டையை அடைக்க 'மெடிகேப்' என்ற துணை பாலிசிகள் இருக்கின்றன. அவற்றில் சில, முதல் 250 டாலரை நாம் கட்டிய பிறகு, வெளிநாட்டு அவசர சிகிச்சைச் செலவில் 80 சதவீதத்தைத் தரும். ஆயுள் முழுமைக்கும் சேர்த்து வரம்பு 50,000 டாலர். பொடி எழுத்தில் இன்னொன்றும் இருக்கிறது: பயணத்தின் முதல் 60 நாட்களுக்குள் ஆரம்பிக்கும் பிரச்சினைக்கு மட்டுமே பணம் வரும். ஜனவரி தொடக்கத்தில் கிளம்பிய கப்பல் 61-வது நாளில் பசிபிக்கைத் தாண்டி எங்கோ இருக்கும். மாரடைப்புக்கு காலண்டர் பார்க்கத் தெரியாது.

கப்பலில் ஆஸ்பத்திரி இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. இ.சி.ஜி., எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை எல்லாம் உண்டு. ஆளைத் தேற்றி அடுத்த துறைமுகம்வரை கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் அதன் வேலை, ஆபரேஷன் செய்வது அல்ல. ஹெலிகாப்டர் வருவதற்கும் கரை ஓரளவு பக்கத்தில் இருக்க வேண்டும். நடுப் பசிபிக்கில் அந்த வாய்ப்பே இல்லை. கரைக்கு வந்தபின் ஏர் ஆம்புலன்சில் ஊர் திரும்பும் செலவு 1 லட்சம் டாலரைத் தாண்டுவதும் உண்டு.

எனவே தனியாக டிராவல் இன்ஷூரன்ஸ் எடுத்தே ஆக வேண்டும். ஏற்கெனவே இருக்கும் பி.பி., சுகர் போன்றவற்றுக்கும் கவரேஜ் வேண்டும் என்றால், கப்பலுக்கு முதல் அட்வான்ஸ் கட்டிய பிறகு பொதுவாக 14 முதல் 21 நாட்களுக்குள் பாலிசி எடுத்துவிட வேண்டும். எத்தனை நாள் பயணம்வரை செல்லும் என்பதையும் பார்க்க வேண்டும். எல்லா பாலிசியும் 120 நாள் தாங்காது.

மாத்திரை அடுத்த தலைவலி. இன்ஷூரன்ஸில் ஒரே நேரத்தில் வழக்கமாகக் கிடைப்பது 90 நாள் மருந்துதான். மீதி மாதத்துக்கு டாக்டரிடமும் கம்பெனியிடமும் முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும். எல்லா மருந்தையும் எல்லா நாட்டுக்குள்ளும் கொண்டுபோகவும் முடியாது. ஏ.டி.எச்.டி.க்கு அமெரிக்காவில் சாதாரணமாக எழுதித் தரும் 'ஆடெரால்' ஜப்பானில் தடை செய்யப்பட்டது. கோடீன் கலந்த வலிமாத்திரைக்கு ஐக்கிய அரபு அமீரகத்தில் கட்டுப்பாடு உண்டு. ரூட்டில் ஆப்பிரிக்காவோ தென் அமெரிக்காவோ இருந்தால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று கேட்பார்கள். அந்த ஊசியின் கடுமையான பக்கவிளைவுகள் 60 வயதுக்கு மேல் அதிகம் என்பதால், போடுவதா, டாக்டரிடம் விலக்குக் கடிதம் வாங்குவதா என்பதை மாதக்கணக்கில் முன்பே முடிவு செய்ய வேண்டும்.

கப்பலே கிளம்பாவிட்டால்?

இதுவும் நடந்திருக்கிறது. 'லைஃப் அட் சீ' என்ற 3 ஆண்டுப் பயணம் 2023 நவம்பர் 1-ல் இஸ்தான்புல்லிலிருந்து கிளம்புவதாக இருந்தது. வாங்க நினைத்த கப்பலை வேறொரு நிறுவனம் வாங்கிவிட்டது. தேதி தள்ளிப்போய், அதே மாதம் பயணமே ரத்தானது. வீட்டை விற்றவர்கள், வாடகைக்கு விட்டவர்கள், ஏற்கெனவே இஸ்தான்புல்லுக்கு வந்து சேர்ந்தவர்கள் எல்லாம் நடுத்தெருவில். அடுத்த ஆண்டு 'வில்லா வீ ஒடிஸி' கப்பல், மே 30-ல் கிளம்ப வேண்டியது, சுக்கான் கோளாறு உள்ளிட்ட ரிப்பேர்களால் செப்டம்பர் 30 வரை பெல்ஃபாஸ்ட்டில் நின்றது. அது ஒருவழியாகக் கிளம்பியது.

இங்கே எந்தத் துறைமுகத்தில் ஏறுகிறோம் என்பது முக்கியமான கேள்வி. அமெரிக்கத் துறைமுகத்தில் பயணிகளை ஏற்றும் பெரிய கப்பல்கள், பயணம் நடக்காவிட்டால் பணத்தைத் திருப்பித்தர உத்தரவாதம் காட்ட வேண்டும் என்று சட்டம் உண்டு. வெளிநாட்டில் போய் ஏறுகிறவர்களுக்கு அது பொருந்தாது. பிரிட்டனில் கிரெடிட் கார்டு கம்பெனியையும் பொறுப்பாக்கும் சட்டப் பிரிவு இருக்கிறது. 30,000 பவுண்டுக்கு மேல் விலை போனால் அதுவும் கைகொடுக்காது. எப்படியிருந்தாலும், கப்பல் கண்ணெதிரே நிற்கும்வரை வீட்டை விற்காமல் இருப்பது நல்லது.

ரூட் மாறினால் கேள்வி கேட்கவும் முடியாது. செங்கடல் தாக்குதல்களால் அந்த 274 இரவுக் கப்பலே மத்தியக் கிழக்கை விட்டுவிட்டு ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு போனது. பாதை மாற்றும் உரிமை டிக்கெட் ஒப்பந்தத்திலேயே கம்பெனிக்கு உண்டு.

வீட்டுச் சாவி யாரிடம்?

வழக்கமாக 30 வயதுகளில் இருக்கும் மகனிடமோ மகளிடமோதான். ஆனால் சாவி மட்டும் போதாது. பல வீட்டுக் காப்பீடுகள் 30 அல்லது 60 நாள் ஆள் இல்லாத வீட்டுக்குக் கவரேஜைக் குறைத்துவிடும். யாராவது தங்க வேண்டும், அல்லது கம்பெனிக்கு முன்பே சொல்ல வேண்டும். அமெரிக்கத் தபால் துறை கடிதங்களை 30 நாள்தான் பிடித்து வைக்கும். ஏப்ரல் 15 வருமான வரிக் கெடு பயணத்தின் நடுவே வருகிறது. ரிட்டர்ன் தாக்கலுக்கு அக்டோபர்வரை நேரம் கேட்கலாம், வரியைக் கட்டத் தள்ளிப்போட முடியாது.

அப்புறம், எல்லோருக்கும் பழக்கமான ஓ.டி.பி. நடுக்கடலில் வைஃபை கிடைக்கும், வங்கி அனுப்பும் எஸ்.எம்.எஸ். வராமல் போகலாம். கிளம்பும் முன்பே ஆதென்டிகேட்டர் ஆப்புக்கு மாறிவிட வேண்டும்.

பவர் ஆஃப் அட்டர்னி, உயில், வென்டிலேட்டர் வைப்பதா வேண்டாமா என்ற விருப்பம் ஆகியவை அடங்கிய ஃபைல் ஒன்றும் பிள்ளைகளிடம் இருக்க வேண்டும். பெரிய கப்பல்களில் சிறிய பிணவறை ஒன்று இருக்கும். பிரோஷரில் அந்தப் படம் வராது.

ஒருவர் ஏதோ ஒரு ஊர் ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட்டால் கப்பல் காத்திருக்காது. இன்னொருவர் இரண்டு பேர் பெட்டியையும் எடுத்துக்கொண்டு, பாஷை தெரியாத துறைமுகத்தில் தனியாக இறங்க வேண்டியதுதான். பணக் கணக்கு ஒருவர் கையிலும் மருந்துக் கணக்கு இன்னொருவர் கையிலும் இருக்கும் தம்பதிகள்தான் இதில் மாட்டிக்கொள்வார்கள். அதனால் கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பு வேலையை மாற்றிப் பார்க்கலாம்: பாஸ்வேர்டு போட்டு பில் கட்டுவதை அவங்களும், மாத்திரை டப்பா நிரப்புவதை அவரும்.