திரையில் குங்குமம், தாளில் மெரூன்

கணினியில் கண்ட நிறம் அச்சில் மாறிப்போனால் பழி பிரின்டர் மீது விழுகிறது. குற்றம் பெரும்பாலும் நடுவில் நடக்கும் மொழிபெயர்ப்பில்.

‘வெள்ளம்’ என்ற சொல்லுக்குப் பெருமாட்டியில் இரண்டு பொருள். மலையாளத்தில் அது குடிக்கும் தண்ணீர். தமிழில் ஊரையே அடித்துக்கொண்டு போவது. பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில் தமிழக எல்லையை ஒட்டிய இந்த ஊராட்சி, பிளாச்சிமடாவில் 2002இல் தொடங்கிய தண்ணீர்ப் போராட்டத்தால் நாடறிந்தது. இங்கே இரு மொழியும் பழகியவர்கள், சொல்பவர் யார் என்று பார்த்துப் பொருள் கொள்கிறார்கள். கம்ப்யூட்டருக்கும் பிரின்டருக்கும் இந்தச் சாமர்த்தியம் தானாக வருவதில்லை. கல்யாண ஆல்பங்களில் நேரும் விபரீதங்கள் பலவற்றுக்கும் அதுதான் காரணம்.

எல்லைக்கு இந்தப் பக்கமானாலும் அந்தப் பக்கமானாலும் புகார் ஒன்றுதான். திரையில் குங்குமச் சிவப்பாக ஜொலித்த முகூர்த்தப் புடவை தாளில் மெரூனாக இருண்டுவிடுகிறது. மாநிறப் பெண்ணின் முகத்தில் சாம்பல் பூக்கிறது. மறுபடி அச்சிட, மறுபடி மை, மறுபடி தாள். கடைசியில் செலவைச் சுமப்பது ஸ்டூடியோ. மனக்குறையைச் சுமப்பது கல்யாண வீடு.

திரை ஒளியால் நிறம் காட்டுகிறது. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் சேர்ந்தால் வெள்ளை. தாளிலோ தன் மீது விழும் வெளிச்சத்தில் மை விழுங்கியது போக மிஞ்சியதுதான் நிறம். சியான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்று மை ஏற ஏற இருள்தான் கூடும். ஆகவே திரையில் மின்னும் சில பளீர் பச்சைகளையும் நீலங்களையும் எந்தத் தாளாலும் அப்படியே தர முடியாது.

இதைவிடப் பெரிய சிக்கல், படத்தின் ஒவ்வொரு புள்ளியும் வெறும் மூன்று எண்களாகச் சேமிக்கப்படுவது. ஒரே எண்கள் ஒரு திரையில் செந்தூரமாகவும் இன்னொன்றில் செங்கல்லாகவும் தெரியலாம். ‘வெள்ளம்’ கதைதான்.

இதைத் தீர்க்க அடோபி, ஆப்பிள், கோடக், மைக்ரோசாஃப்ட் உள்ளிட்ட எட்டு நிறுவனங்கள் 1993இல் கூடி ஒரு சர்வதேச அமைப்பை உருவாக்கின. அது தந்த தீர்வுதான் ‘புரொஃபைல்’. இந்தக் கருவியில் இந்த எண்ணுக்கு இந்த நிறம் என்று கூறும் அகராதி அது. திரைக்கு ஒன்று, பிரின்டருக்கு ஒன்று, தாளின் ரகத்துக்கு ஒன்று. 1996இல் எச்.பி.யும் மைக்ரோசாஃப்டும் முன்வைத்த ‘எஸ்ஆர்ஜிபி’, சாதாரணத் திரைகளுக்கான பொது மொழியாயிற்று. 1998இல் வந்த ‘அடோபி ஆர்ஜிபி’ இன்னும் அதிக நிறங்களை அடக்கியது. வம்பும் அங்கேதான்: அடோபி ஆர்ஜிபியில் உள்ள படத்தை எஸ்ஆர்ஜிபி என்று நினைத்து லேப் அச்சிட்டால், புடவை சாயம் போனதுபோல வெளிறும். லேபுக்கு அனுப்புமுன் படத்தை எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றிவிடுவதே பத்திரம்.

வீட்டிலும் ஸ்டூடியோவிலும் அச்சிடுவோரை அதிகம் படுத்துவது இரட்டை மொழிபெயர்ப்பு. ஃபோட்டோஷாப் ஒருமுறை நிறத்தை மாற்றி அனுப்ப, பிரின்டரின் மென்பொருளும் தன் பங்குக்கு மாற்றுகிறது. முகங்கள் செக்கச்செவேலென்று ஆனால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். இரண்டில் ஒன்றுதான் பொறுப்பேற்கலாம். ஃபோட்டோஷாப் பார்த்துக்கொள்வதானால் பிரின்டரின் நிறத் திருத்தத்தை நிறுத்திவிட வேண்டும்.

ஆனால் அகராதியைப் புரட்டுமுன் பேனாவில் மை இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. பிரின்டரின் ‘நாசில் செக்’ ஒரே தாளில் உண்மையைச் சொல்லிவிடும். சியான் அடைத்திருந்தால் படம் சிவக்கும். மெஜந்தா அடைத்தால் பச்சையடிக்கும். மஞ்சள் அடைத்தால் நீலம் பாரிக்கும். அடுத்தது தாள். பளபளப்பான ஃபோட்டோ தாளை வைத்துவிட்டு, செட்டிங்கில் சாதாரணத் தாள் என்று விட்டிருந்தால் மையின் அளவே தவறிவிடும். நிறம் சரியாக இருந்தும் படம் முழுக்க இருண்டு வந்தால் குற்றவாளி பெரும்பாலும் மானிட்டர்தான். கடையில் கண்ணைப் பறிக்க வைத்த பிரகாசத்தைக் குறைக்காமல் படத்தைத் திருத்தினால், தாளில் இருட்டுதான் மிஞ்சும். வெள்ளைத் தாள் ஒன்றைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து, இரண்டு வெண்மையும் ஏறத்தாழ ஒத்துவரும்வரை பிரகாசத்தைக் குறைப்பது காசில்லாத வைத்தியம். காசு உள்ளவர்களுக்குத் திரையின் மீது வைத்து நிறத்தை அளக்கும் கருவி இருக்கிறது.

இத்தனை செய்த பிறகும் தோல் நிறத்தில்தான் தவறு சட்டென்று கண்ணில் படுகிறது. பின்னணிச் சுவர் சற்று மாறினால் யாரும் கேட்பதில்லை. அம்மாவின் முகம் மாறினால் வீடே கேட்கும். இதற்கு ஒரு பழைய வரலாறும் உண்டு. ஃபிலிம் காலத்தில் லேப்களில் நிறத்தைச் சரிபார்க்க கோடக் அனுப்பிய மாதிரி அட்டைகளில் பல ஆண்டுகள் இருந்தது வெள்ளைக்காரப் பெண்களின் முகம்தான். அட்டைக்கே ‘ஷர்லி கார்டு’ என்று பெயர். வெவ்வேறு தோல் நிறங்கள் கொண்ட பெண்கள் சேர்ந்திருக்கும் அட்டை 1990களில்தான் வந்தது. கறுத்த முகங்களுக்கு இயந்திரம் பழக்கப்படாமல் இருந்ததில் முகங்களின் தவறு எதுவும் இல்லை.

இன்று அந்த அட்டையை ஸ்டூடியோக்காரர் தானே தயாரித்துக்கொள்ளலாம். அந்த ஊர் முகங்களில் சிவப்பு, மாநிறம், கறுப்பு என மூன்று, ஒரு பட்டுப் புடவை, கொஞ்சம் தங்கம், ஒரு சாம்பல் பட்டை. இவற்றை ஒரே படமாக்கி, மையோ தாளோ மாறும்போதெல்லாம் அஞ்சலட்டை அளவில் அச்சிட்டுப் பார்த்தால் ஆல்பம் முழுவதும் பாழாவது தப்பும்.

அச்சிட்டதை உடனே தீர்ப்புச் சொல்லவும் கூடாது, மை உலரவேண்டும். டியூப்லைட்டின் அடியில் ஒரு நிறம், வெயிலில் ஒரு நிறம் என்று அதே தாள் ஏமாற்றும். ஜவுளிக் கடையில் பட்டெடுக்கும் பெண்களுக்கு இதை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. கடைக்காரர் எத்தனை விளக்கைப் போட்டுக் காட்டினாலும், புடவையை வாசலுக்குக் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் பார்த்த பிறகுதான் அவர்கள் பணத்தை எடுக்கிறார்கள்.