கல்வராயன் மலையும் கச்சேரி வாசலும்

ஏழைகளுக்கு இலவசமாக வக்கீல் அமர்த்திக் கொடுப்பது சர்க்காரின் தயவு என்றே நம் ஜனங்களில் பெரும்பாலோர் இன்றும் எண்ணியிருக்கின்றனர். அது தயவன்று. 1976-ஆம் வருஷத்தில் அரசியல் சட்டத்தில் சேர்க்கப்பெற்ற 39-ஏ ஷரத்து அதை ராஜ்யத்தின் கடமையாக்கிற்று; 1987-ஆம் வருஷத்துச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் அதைப் பிரஜையின் உரிமையாக்கிற்று. பிந்திய சட்டம் அமலுக்கு வந்தது 1995 நவம்பர் 9-ஆம் தேதி. இத்தனை வருஷங்களுக்குப் பின்னும், இவ்வுரிமை யாருக்கு மிகவும் வேண்டியதோ அவர்கள் அதன் பெயரைக்கூடக் கேட்டறியாதிருப்பார்களானால், குற்றம் சட்டத்தினுடையதா, அதை அறிந்தும் வாளாவிருக்கும் படித்த வகுப்பாருடையதா என்று கேட்க வேண்டியிருக்கிறது. கள்ளக்குறிச்சி ஜில்லாவையும், அதன் மேற்கே நிற்கும் கல்வராயன் மலையையும், முக்கியமாக அங்குள்ள வயோதிகர்களின் நிலைமையையும் முன்வைத்து இக்கேள்வியை இன்று எழுப்புகிறோம்.

அம்மலையின் சரித்திரம் சமவெளியிலுள்ள நம்மில் பலருக்குத் தெரியாது. தேசம் விடுதலையடைந்து, ஜமீன்களும் ஒழிந்து, குடியானவன் பட்டாதாரனான பின்னரும் கல்வராயன் மலை ஜாகீர்தார்களின் கையிலேயே இருந்தது. 1976-ல்தான் சர்க்கார் அதை நேரடி நிர்வாகத்தில் எடுத்துக்கொண்டது. ஆகவே, இன்று அங்கே எழுபது வயதைத் தாண்டி நிற்கும் மலையாளிப் பழங்குடி முதியவர் எவரும் தமது வாலிபத்தை ஜாகீர் அதிகாரத்தின் கீழ் கழித்தவரே. (மலையாளி என்றதும் கேரளத்தாரை நினைக்க வேண்டாம், இவர்கள் தமிழ் பேசும் மலைக்குடிகள்.) அக்காலத்தில் அதிகாரி என்பவன் வெட்டி வேலை கேட்க வருபவனேயன்றி, குறை கேட்க வருபவன் அல்லன். அந்த வாழ்க்கையில் முதுகு வளைந்தவர் கச்சேரிப் படி ஏற அஞ்சுவதில் என்ன ஆச்சரியம்? கள்ளக்குறிச்சி தனி ஜில்லாவாக 2019 நவம்பர் 26-ஆம் தேதி பிறந்தது. மலைக்கு வெள்ளிமலையில் தாலுகா ஆபீஸும் உண்டு. 2024 ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயத்துக்கு அறுபதுக்கு மேற்பட்ட உயிர்கள் பலியான பின்னரே, சென்னை ஐகோர்ட் தானாகவே முன்வந்து மலைவாசிகளின் நிலையை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. அத்தனை பிணங்கள் விழுந்த பிறகுதான் நம் கவனம் மலையின் பக்கம் திரும்பிற்று என்பதை நினைக்கத் தலை குனிகிறது.

இனி விஷயத்துக்கு வருவோம். இலவச சட்ட உதவிக்கு உரியவர் யார் என்பதை 1987-ஆம் வருஷத்துச் சட்டத்தின் 12-ஆவது பிரிவு சொல்கிறது. ஆதிதிராவிடர், பழங்குடியினர், பெண்கள், குழந்தைகள், அங்கஹீனர், வெட்டி வேலைக்கு உட்படுத்தப்பட்டோர், காவலில் இருப்போர், தொழிலாளர், குறைந்த வருமானமுடையோர் எனப் பட்டியல் நீள்கிறது. அதில் முதுமை என்பது தனித் தகுதியாகக் காணப்படவில்லை. இது ஒரு குறையே. ஆனால் அதைக் கண்டு பின்வாங்க வேண்டியதில்லை. கிழவி எந்த ஜாதியாயினும், எவ்வளவு சொத்துடையவளாயினும், பெண் என்ற ஒன்றே அவளுக்குப் போதும். கல்வராயன் மலைப் பழங்குடி முதியவருக்கு வருமானக் கணக்கே வேண்டுவதில்லை. மற்ற ஆண்களுக்கு நம் ராஜ்யத்தில் வருஷத்துக்கு மூன்று லட்ச ரூபாய் வரம்பு; அதற்கும் வருமானத்தைப் பற்றி அவரவர் தரும் பிரமாணப் பத்திரத்தையே போதுமென ஏற்கலாமென்று 13-ஆவது பிரிவு கூறுகிறது. எழுதப் படிக்கத் தெரியாதவர் வாயால் சொன்னால், குழுவின் உத்தியோகஸ்தர் அதை எழுதிக்கொண்டு கைநாட்டு வாங்க வேண்டுமென்பது 2010-ஆம் வருஷத்து விதி. வக்கீல் பீஸ், கோர்ட்டுக் கட்டணம், நகல் செலவு எல்லாம் குழுவின் பொறுப்பு. முன்பு 'பாப்பர்' வழக்கென்று ஒன்று இருந்ததே, ஏழையை நடுக்கோர்ட்டில் நிறுத்தி அவன் ஏழைதானா என்று குறுக்கு விசாரணை செய்தார்களே, அதற்கும் இதற்கும் வெகு தூரம்.

வயோதிகர்களுக்கென்றே ஏற்பட்ட சட்டமும் ஒன்றுண்டு. அது பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம், 2007. இதைப் போல் எளிய சட்டத்தை நாம் அதிகம் கண்டதில்லை. பிள்ளைகளும், வயது வந்த பேரப் பிள்ளைகளும் ஜீவனாம்சம் கொடுக்கக் கடமைப்பட்டவர்கள். பிள்ளையில்லாத முதியவர், தமது சொத்தை அனுபவிக்கும் அல்லது பின்னால் அடையப்போகும் உறவினரிடம் கேட்கலாம். விசாரிப்பவர் முனிசீப்பு அல்லர்; ஆர்.டி.ஓ.வே டிரிபியூனல். நோட்டீஸ் சேர்ந்த தொண்ணூறு நாளில் முடிவு சொல்ல வேண்டும். தவிர்க்க முடியாத காரணமிருந்தால் இன்னும் முப்பது நாள். மாதம் பதினாயிரம் ரூபாய் வரை உத்தரவிடலாம். உத்தரவின் நகலை முதியவருக்குக் கட்டணமின்றித் தர வேண்டும். அப்பீல் கலெக்டரிடம். தாமே வர இயலாதவர் வேறொருவரையோ ஒரு சங்கத்தையோ தம் பொருட்டு மனுச் செய்ய அதிகாரம் கொடுக்கலாம்.

இன்னொரு விசேஷம், வக்கீல்கள் ஆஜராகக் கூடாதென்று 17-ஆவது பிரிவு தடுத்திருக்கிறது. சில ஐகோர்ட்டுகள் வக்கீல் சட்டத்தின் 30-ஆவது பிரிவைக் காட்டி இத்தடையைத் தளர்த்தியுள்ளன. நம் தொழிலைச் சேர்ந்த நண்பர்கள் அதில் மகிழ்ச்சியடைந்ததும் நமக்குத் தெரியும். நாமும் கறுப்பு அங்கி அணிந்தவர்களே. ஆயினும், ஒரு தாய்க்கும் மகனுக்கும் நடுவே நாம் புகாமலிருப்பது இருவருக்கும் லாபம் என்பதே நமது அபிப்பிராயம். இங்கே வேண்டியது வாதத் திறமையன்று. ஒரு தாளில் பத்து வரி பிழையின்றி எழுதிக் கொடுக்க ஓர் ஆள், அவ்வளவே.

ஆனால் மனு எழுதுவதற்கு வெகு காலம் முன்பே கெடுதல் நேர்ந்துவிடுகிறது. அது ரிஜிஸ்டிரார் ஆபீஸில் நேருகிறது. தகப்பன் தமது இரண்டு ஏக்கர் புன்செய்யையும் வீட்டையும் மகன் பேருக்கு தான செட்டில்மெண்டு எழுதி வைக்கிறார். "அன்பினாலும் பிரியத்தினாலும்" என்று பத்திரம் எழுதுபவர் வழக்கமான வாசகத்தை எழுதிவிடுகிறார். ஆறு மாதம் கழித்துத் திண்ணையே தகப்பனுக்குக் கிடைப்பது அரிதாகிறது. மேற்படி சட்டத்தின் 23-ஆவது பிரிவு இப்படிப்பட்ட பத்திரத்தை ரத்து செய்ய வழி வைத்திருக்கிறது. அதற்கு, தம்மைப் பராமரிக்க வேண்டுமென்ற நிபந்தனையின் பேரில் சொத்து கொடுக்கப்பட்டிருக்க வேண்டும். அந்நிபந்தனையை நிரூபித்தாலன்றிப் பத்திரம் ரத்தாகாதென்று 2022 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் சொல்லிற்று. பின்னர் 2025 ஜனவரியில் அதே நியாயஸ்தலம், இச்சட்டம் முதியோர் நன்மைக்கென்றே பிறந்ததாகையால் தாராளமாகப் பொருள் கொள்ள வேண்டுமென்றும், டிரிபியூனல் சொத்தைத் திருப்பிக் கொடுக்கச் செய்யலாமென்றும் தீர்ப்பளித்தது. அதே வருஷம் மார்ச் மாதத்தில் சென்னை ஐகோர்ட், அன்பும் பிரியமும் என்ற சொற்களுக்குள்ளேயே அந்நிபந்தனை அடங்கியிருப்பதாகக் கொள்ளலாமென்றது. நல்லதே. எனினும், தீர்ப்புக்குத் தீர்ப்பு காற்று மாறி வீசும் விஷயத்தில் கிழவரின் கூரையை ஏன் பணயம் வைக்க வேண்டும்? "என் ஜீவிய காலம் வரை எனக்கும் என் மனைவிக்கும் உணவு, உடை, வைத்தியம், இருப்பிடம் தர வேண்டும், தவறினால் இப்பத்திரம் செல்லாது" என்று ஒரே வாக்கியம் சேர்த்துவிட்டால் போதும். அதற்குப் பத்திரக் கூலி அதிகமாகாது. சங்கராபுரத்திலும், சின்னசேலத்திலும், உளுந்தூர்ப்பேட்டையிலும் பத்திரம் எழுதி ஜீவிப்போர் இதைப் பொருட்படுத்துவார்களானால் எத்தனையோ வழக்குகள் பிறக்கவே மாட்டா.

மலையில் நிலைமை வேறு. அங்கே வழக்கு மகனோடு மட்டுமன்று. காடு யாருடையது என்ற வழக்கும் இருக்கிறது. 2006-ஆம் வருஷத்து வன உரிமைச் சட்டத்தின்படி, 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்து உழுது வரும் பழங்குடிக்கு உரிமைப் பட்டா உண்டு. கணவன் மனைவி இருவர் பேரிலும் சேர்த்தே அது தரப்பட வேண்டும். அது வாரிசுக்குப் போகுமேயல்லாது கைமாற்றக் கூடியதன்று. ஆதலால் கடன்காரனும் மகனும் அதை எழுதி வாங்க முடியாது. இவ்வனுபவத்துக்குச் சாட்சியாக மனுதாரரல்லாத ஊர்ப் பெரியவர்களின் வாக்குமூலத்தை எழுதிக் கொடுத்தால் அதையும் சாட்சியமாக ஏற்க விதி செய்திருக்கிறார்கள். ஊரில் எந்த முடுக்கை யார் தகப்பனார் உழுதார் என்பது ஜாகீர் காலத்தை அறிந்த கிழவர்களுக்கே தெரியும். அவர்கள் ஒவ்வொருவராக மறைந்து வருகின்றனர். அவர்கள் வாய்ச்சொல்லை இன்று எழுதி வைக்காவிட்டால் நாளை பேரனுடைய உரிமைக்குச் சாட்சியே இராது.

வாரிசுரிமையிலும் மலைக்கும் கீழ்நாட்டுக்கும் வித்தியாசமுண்டு. சமவெளியில் மகன் இறந்தால் தாயும் மனைவி மக்களோடு முதல் வகுப்பு வாரிசு. விஷச் சாராயத்தில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார்கள் இதை அறிந்திருக்க வேண்டும். 1956-ஆம் வருஷத்து ஹிந்து வாரிசுச் சட்டமோ 2(2) பிரிவினால் பழங்குடியினருக்குப் பொருந்தாது. வழக்கமே அங்கு சட்டம். ஆகவே மலைவாசி விதவையின் வழக்கைக் கீழ்நாட்டுச் சூத்திரத்தைக் கொண்டு நடத்தினால் அவள் தோற்பாள். இதைப் படித்தறிந்த வக்கீலையே குழு அனுப்ப வேண்டும். இலவச வழக்கு என்றதும் வாய்தாவுக்கு வாய்தா ஜூனியரை அனுப்பி வைக்கும் வழக்கம் நம்மிடையே இருப்பதை மறைப்பதில் பயனில்லை.

செம்மரம் வெட்டியதாக ஆந்திர நாட்டுச் சிறைகளில் அடைபட்ட மலைவாசிகளின் பெற்றோரைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2015 ஏப்ரல் 7-ஆம் தேதி சேஷாசலத்தில் தமிழர் இருபது பேர் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தேசம் மறந்திராது. காவலில் இருப்பவன் எவனாயினும் அவனுக்கு இலவச வக்கீல் உண்டு. மகன் எந்த ஊர்ச் சிறையிலிருக்கிறான் என்றறியாத கிழவனும், இங்குள்ள குழுவிடம் மனுக் கொடுத்து அதை அங்குள்ள குழுவுக்கு அனுப்பச் செய்யலாம். பாஷை தெரியாத ஊருக்கு வட்டிக் கடன் வாங்கிக்கொண்டு அவன் பஸ் ஏற வேண்டியதில்லை.

சட்டம் இலவசந்தான், பஸ் சார்ஜும் அன்றைய கூலியும் இலவசமல்லவே. வெள்ளிமலையிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கள்ளக்குறிச்சிக்கு இறங்கி, ஆர்.டி.ஓ. 'கேம்ப்' போயிருக்கிறாரென்று கேட்டுத் திரும்பும் கிழவி மறு முறை வர மாட்டாள். சட்ட உதவி ஆபீஸின் விலாசமும் போன் நம்பரும் பஸ் ஸ்டாண்டு, தபாலாபீஸ், போலீஸ் ஸ்டேஷன்களில் எழுதி வைக்கப்பட வேண்டுமென்று சுப்ரீம் கோர்ட் 2024 அக்டோபரில் கட்டளையிட்டது. நம் ஊர்களில் அப்பலகைகள் இருக்கின்றனவா என்று நேயர்கள் கண்ணால் பார்த்து எழுதுவார்களாக. சட்ட உதவிக்கு 15100, முதியோர் உதவிக்கு 14567 என்ற நம்பர்களில் காசின்றிப் பேசலாம்.

வ. உ. சிதம்பரம் பிள்ளை ஓட்டப்பிடாரத்தில் ஏழைகளின் பக்கம் நின்று வாதாடினார். அடுத்த சேலத்தில் ராஜகோபாலாச்சாரியார் நல்ல வருமானமுள்ள தொழிலை ஒத்துழையாமைக்காக உதறினார். அத்தகைய தியாகத்தை இன்று யாரும் கேட்கவில்லை. ஆகஸ்டு 15-லும் அக்டோபர் 2-லும் கிராம சபை கூடுகிறது. எல்லாக் கட்சித் தொண்டர்களும் அன்று மலைக்குப் போகத்தான் போகிறார்கள். கொடியேற்றிப் பிரசங்கம் செய்த கையோடு இறங்கிவிடாமல், பொழுது சாயும் வரை ஒரு மர நிழலில் உட்கார்ந்து, ஒரு குயர் காகிதமும் கைநாட்டுக்கு ஒரு மைப்பெட்டியும் வைத்துக்கொண்டு, ஜீவனாம்ச மனுக்களையும் பெரியவர்களின் வாக்குமூலங்களையும் எழுதிக் கொடுக்கட்டும். எழுதிய மனுவைக் கீழே கொண்டு வந்து ஆர்.டி.ஓ. ஆபீஸில் சேர்த்து, முத்திரையிட்ட ரசீதை அந்த முதியவர் கையிலேயே திரும்பக் கொண்டுபோய்க் கொடுக்கும் வரை தங்கள் வேலை முடிந்ததாக அவர்கள் நினைக்க வேண்டாம்.