நாணத்துக்குப் பலியாகும் தாய்மார்கள்

ஸ்திரீகளின் கருப்பை வாயில் தோன்றும் புற்றுநோயைப் பற்றி இன்று சில வார்த்தைகள் எழுதப் புகுகிறோம். தலையங்கப் பக்கத்தில் இவ்விஷயத்துக்கு என்ன இடம் என்று முகஞ் சுளிக்கும் நேயர்கள் சிலர் இருப்பார்கள். அந்த முகச்சுளிப்பைக் குறித்தே நாம் முக்கியமாக எழுத விரும்புகிறோம். 2022ஆம் வருஷத்தில் மாத்திரம் நம் தேசத்தில் சுமார் 1,27,000 பேருக்கு இந்நோய் புதிதாகக் கண்டதென்றும், சுமார் 80,000 பேர் இதனால் மாண்டனரென்றும் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி ஸ்தாபனம் கணக்கிட்டிருக்கிறது. நாளொன்றுக்கு இருநூறு பேருக்கு மேல் ஆகிறது. ஒரு ரயில் விபத்தில் இத்தனை பேர் மடிந்தால் சட்டசபையில் ஒத்திவைப்புப் பிரேரணை வரும். மந்திரி ராஜினாமாச் செய்யவேண்டுமென்று நாமே எழுதுவோம். வீட்டின் பின்கட்டில் நேரும் சாவுக்குப் பிரேரணையும் இல்லை, தலையங்கமும் இல்லை.

இது விதியின் விளைவு என்று சொல்லித் தப்புவதற்கும் இடமில்லை. பாப்பிலோமா வைரஸ் என்னும் கிருமியே இதற்குக் காரணமென்று கண்டுபிடித்த ஜெர்மானிய விஞ்ஞானி ஹரால்ட் ஸுர் ஹௌஸனுக்கு 2008இல் நோபெல் பரிசு அளிக்கப்பட்டது. கிருமி தொற்றிய நாள் தொட்டு அது புற்றாக முதிர்வதற்குப் பெரும்பாலும் பத்து, பதினைந்து வருஷங்கள் ஆகின்றன; அதற்கு மேலும் ஆவதுண்டு. இவ்வளவு வாய்தா கொடுக்கும் வழக்கை எந்தக் கோர்ட்டிலும் நாம் கண்டதில்லை. அத்தனை வாய்தாவிலும் ஆஜராகாமல் இருந்துவிட்டு, எக்ஸ்பார்ட்டியாகத் தீர்ப்பான பின்பு தலையிலடித்துக் கொள்வதே நம் வழக்கமாக இருக்கிறது.

வேறெங்கும் போகவேண்டாம், நம் திண்டுக்கல் ஜில்லாவில் நடந்ததைப் பார்ப்போம். முப்பது முதல் ஐம்பத்தொன்பது வயது வரையுள்ள கிராமத்து ஸ்திரீகள் 49,311 பேரைச் சோதிப்பதென்று 2000ஆம் வருஷத்தில் வைத்தியர்கள் ஓர் ஏற்பாடு செய்தனர். பெரிய யந்திரம் ஒன்றும் இல்லை. நீர்த்த அஸிடிக் அமிலத்தை, அதாவது நம் வீட்டு வினிகர் போன்றதொரு காடியை, கருப்பை வாயில் தடவி ஒரு நிமிஷம் பொறுத்துப் பார்த்தால், கெட்டுப்போகத் தொடங்கிய இடம் வெளுத்துக் காட்டும். பயிற்சி பெற்ற ஒரு நர்ஸே இதைச் செய்யலாம். 2007இல் ‘லான்ஸெட்’ என்னும் வைத்தியப் பத்திரிகையில் இதன் பலன் வெளியாயிற்று. சோதனை செய்யப்படாத கிராமங்களோடு ஒப்பிட்டால், சோதனை நடந்த கிராமங்களில் இந்நோயால் நேர்ந்த மரணம் நூற்றுக்கு முப்பத்தைந்து குறைந்திருந்தது. உலகம் முழுவதும் இந்த ஜில்லாவின் பெயரைப் படித்தது. நம்மில் எத்தனை பேர் படித்தோம்?

ஆனால் அதே கணக்கில் வேறொரு செய்தியும் அடங்கியிருக்கிறது. 49,311 பேரில் சோதனைக்கு வந்தவர்கள் 31,343 பேரே. ஏறக்குறைய பதினெண்ணாயிரம் ஸ்திரீகள் வரவில்லை. வந்தவர்களிலும், புற்றாக மாறக்கூடிய புண் இருப்பதாகக் கண்ட 1,874 பேரில் சிகிச்சை பெற்றவர்கள் நூற்றுக்கு எழுபத்திரண்டு பேர்தான். செலவு இல்லை; வைத்தியமோ கிராமத்துக்கே வந்தது. அப்படியிருந்தும் இவர்களைத் தடுத்தது எது?

“எனக்குத்தான் ஒன்றுமில்லையே” என்பது முதற் பதில். வலியில்லாத காலத்தில்தான் இச்சோதனைக்கு முழுப் பயனுண்டு என்பதை ஒருவரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. நாணம் இரண்டாவது. ஒரு நாட்கூலி போகுமே என்பது மூன்றாவது. அது நியாயமான கவலை. இவையெல்லாவற்றுக்கும் பின்னால் நிற்பவன் புருஷன். “ஊரார் என்ன சொல்வார்கள்?” என்று அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்த ஸ்திரீ வாசற்படி தாண்டமாட்டாள். இக்கிருமி தாம்பத்திய உறவால் பரவுவது என்று கேள்விப்பட்டவுடன் மனைவியின் ஒழுக்கத்தைச் சந்தேகிக்கும் மகானுபாவர்களும் இருக்கிறார்கள். மணமான பெண்ணுக்கு அது தன்னிடமிருந்தே வந்திருக்கலாம் என்ற எண்ணம் அவர்களுக்கு உதிப்பதில்லை! உண்மையில் இது பெரும்பாலோரை வாழ்நாளில் ஒருமுறையேனும் தொற்றி, பெரும்பாலும் தானே மறைந்துபோவது. இதில் ஒருவரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்கு ஒன்றுமில்லை. 2019 முதல் 2021 வரை எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, முப்பது முதல் நாற்பத்தொன்பது வயதுள்ள ஸ்திரீகளில் இச்சோதனையை ஒருமுறையாவது செய்துகொண்டவர்கள் தேசம் முழுவதிலும் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. தமிழ்நாட்டில் பத்துப் பேருக்குச் சற்றுக் குறைவு. இதைக் கண்டு தமிழர்கள் மார்தட்டிக்கொள்ள வேண்டியதில்லை.

இனி ஊசி விஷயம். ஊசியைக் கண்டு அஞ்சுகிறவர்களையெல்லாம் மூடர்களென்று ஏசுவது நமக்கு உடன்பாடன்று. மகாத்மா காந்தியே அம்மை குத்துவதைக் கண்டித்து எழுதியவர். அவரிடத்தில் நமக்குள்ள பக்தி குறையவில்லை. எனினும் அம்மை குத்தியதாலேயே 1977இல் பாரத தேசம் பெரியம்மையற்ற நாடென்று சான்று பெற்றது என்பதை மறைப்பதற்கில்லை. அச்சத்துக்கு ஜனங்கள் மாத்திரம் பொறுப்பாளிகள் அல்லர். 2009இல் ஆந்திராவின் கம்மம் ஜில்லாவிலும் குஜராத்தின் வடோதரா ஜில்லாவிலும் சிறுமியருக்கு இந்தப் புற்றுநோய்த் தடுப்பூசியைப் போட்டார்கள். ஏழு சிறுமிகள் பின்னர் மாண்டனர். ஒருத்தி நீரில் மூழ்கினாள், ஒருத்தியைப் பாம்பு தீண்டியது என்றிவ்வாறு விசாரித்து, மரணங்களுக்கு ஊசி காரணமன்றெனவே விசாரணைக் குழு கருதியது. ஆனால் சம்மதப் பத்திரங்களைப் புரட்டிப் பார்த்தபோது வேறு கதை வெளியாயிற்று. 2013இல் பார்லிமெண்டு கமிட்டி சமர்ப்பித்த அறிக்கையின்படி, ஆந்திராவின் 9,543 பத்திரங்களில் 2,763இல் கையொப்பமிட்டவர்கள் ஹாஸ்டல் வார்டன்கள். தகப்பனும் தாயும் உயிரோடிருக்க, ஏழைப் பெண்ணின் உடம்புக்கு வார்டன் கையெழுத்துப் போடுவது எந்தச் சட்டத்தில் உள்ளது? ஊசி குற்றமற்றதாக இருக்கலாம். அதைப் போட்ட முறை குற்றமுள்ளது. அந்த அக்கிரமத்தின் கடனை, ஊசி கிடைக்காமற்போன பெண்கள் இன்னும் தீர்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

இதில் ஒரு விநோதமும் உண்டு. 2010இல் சர்க்கார் இவ்வூசி பற்றிய ஆராய்ச்சிகளை நிறுத்தவே, இதனோடு சம்பந்தமில்லாத வேறோர் ஆராய்ச்சியில் இரண்டு அல்லது மூன்று ஊசி பெறவேண்டிய சிறுமிகளில் நாலாயிரத்துக்கு மேற்பட்டோர் ஒன்றோடு நின்றனர். கைவிடப்பட்ட அவர்களை வைத்தியர்கள் பத்து வருஷம் கவனித்து வந்தார்கள். நோயின் பிரதான காரணமான 16, 18ஆம் வகைக் கிருமிகள் நிலைத்துத் தங்குவதை அந்த ஒரே ஊசி நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து அளவுக்குத் தடுத்திருந்தது. 2022 டிசம்பரில் உலக சுகாதார ஸ்தாபனம் சிறுமியருக்கு ஓர் ஊசியும் போதுமென்று இடங்கொடுத்ததற்கு இந்தியப் பெண்களின் சாட்சியமும் ஓர் ஆதாரம்.

ஜப்பானியர் நம்மைவிடக் கல்வியில் குறைந்தவர் அல்லர். அங்கே 2013இல் பத்திரிகைகள் பீதியைக் கிளப்ப, சர்க்கார் தன் சிபாரிசை நிறுத்திக்கொள்ள, நூற்றுக்கு எழுபது பேர் போட்டுக்கொண்ட ஊசி ஒருவருக்கும் குறைவாக இறங்கிற்று. மீண்டும் சிபாரிசு செய்ய 2022ஆம் வருஷம் ஆயிற்று. எமது தொழிலைச் சேர்ந்தவர்களின் புண்ணியம் அது! ஸ்காட்லாந்தில் நேர்ந்தது வேறு. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் முறைப்படி ஊசி பெற்ற பெண்களில் ஒருத்திக்குக்கூட இந்நோய் முற்றிய நிலையில் காணவில்லையென்று 2024இல் அறிவித்தார்கள்.

அந்நிய மருந்தென்று ஆட்சேபிக்கவும் இப்போது வழியில்லை. புனாவிலுள்ள ஸீரம் இன்ஸ்டிடியூட் தயாரித்த ‘செர்வாவாக்’ என்னும் சுதேசி ஊசி 2022இல் அங்கீகாரம் பெற்றது. பதினான்கு வயதுச் சிறுமியருக்கு இவ்வூசி போடுவதாகத் தமிழ்நாட்டுச் சர்க்கார் 2025ஆம் வருஷத்து வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்தது. பத்திரம் கைக்கு வரும்போது தகப்பன்மார் அதை முழுதும் வாசிக்கட்டும், புரியாததைக் கேட்கட்டும், பதில் சொல்லக் கடமைப்பட்டவர் அங்கே இருக்கவேண்டும். வார்டனிடத்தில் விட்டுவிட வேண்டாம். ஊசி எல்லா வகைக் கிருமிகளையும் தடுப்பதில்லையாதலால், போட்டுக்கொண்ட பெண்களும் முப்பது வயதுக்குமேல் சோதனை செய்துகொள்ளவேண்டும். சிறுமியின் தாய்க்கோ இப்போதே அந்த வயது கடந்திருக்கும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதற்குக் காசு வாங்குவதில்லை. ஒருநாட் கூலி போனாலும் போகட்டும், தாமே அவளை அழைத்துச் சென்று வாசலிற் காத்திருந்து கூட்டிவர நம் நண்பர்களில் எத்தனை பேர் தயார் என்று அறிய விரும்புகிறோம்.