மெட்ராஸ் முள்ளெலியைக் காப்போம்!

குழந்தைகளே! நம் சென்னையின் பழைய பெயரைத் தாங்கிய ஒரு குட்டி விலங்கு உண்டு, தெரியுமா? அதுதான் மெட்ராஸ் முள்ளெலி! 1851ல் ஹார்ஸ்ஃபீல்டு என்ற அறிஞர் இதற்கு அறிவியல் பெயர் சூட்டினார்.

பெயரில் மெட்ராஸ் இருந்தாலும், நம் புழல் ஏரிக்கரையில் தேடிப் பயனில்லை. திருநெல்வேலி, தூத்துக்குடி போன்ற வறண்ட பகுதிகளில்தான் இது வாழ்கிறது.

எலி என்று அழைத்தாலும் இது எலி இனமல்ல, மூஞ்சூறுக்குத்தான் உறவு. பகலில் புதருக்குள் தூங்கும். இரவில் வண்டு, கரையான், தேள் ஆகியவற்றைத் தேடித் தின்னும். உழவர்களுக்குச் சம்பளம் கேட்காத காவலாளி!

எதிரி வந்தால் உடலைச் சுருட்டி முள் பந்தாகிவிடும். நாயிடம் தப்பிக்க இது போதும். லாரியிடம் தப்ப முடியுமா? சாலையில் சுருண்டபடியே நசுங்கிப் போகிறது. கக்குவான் இருமலுக்கு மருந்து என்று நம்பி, முள்தோலுக்காகவும் கொல்கிறார்கள். அந்த முள்ளும் நம் நகமும் கெரட்டின் என்ற ஒரே பொருளால் ஆனவை. நகத்தைத் தின்றால் இருமல் போகுமா?

2025ல் தமிழக அரசு இதன் பாதுகாப்புக்கு நிதி ஒதுக்கியது. நாமும் உதவலாமே!

விடுமுறைக்குத் தாத்தா ஊருக்குப் போகிறீர்களா? அங்கே,

* தோட்டத்து மூலையில் புதரையும் சருகுக் குவியலையும் விட்டு வையுங்கள், தீ வைக்காதீர்கள்.

* வேலியின் அடியில் சிறு இடைவெளி விடச் சொல்லுங்கள்.

* பூச்சி மருந்தைக் குறைக்கச் சொல்லுங்கள்.

* தட்டில் தண்ணீர் வையுங்கள். பால் வேண்டாம், அதற்குச் செரிக்காது.

* பார்த்தால் பிடிக்காதீர்கள். அதன் வழியில் போக விடுங்கள்.

புழலில் இருக்கும் நம் வீட்டுத் தோட்டத்திலும் தேரை, ஓணான் உண்டு. அவையும் பூச்சி தின்னும் நண்பர்களே. கல்லெறியாமல் காப்போமா?